முதல் இலை

கிட்ட வந்து உட்காருங்க. இத்தனை இடம் கிடக்கும்போது வாசல் ஓரமாய்ப் போய் ஒண்டிக்கொண்டால் அது மரியாதை என்று நினைக்க வேண்டாம். எனக்கும் சத்தம் போட்டுச் சொல்லத் தெம்பில்லை. இது பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்கிற கதை. அவ்வளவுதான்.

மலைக்கு நடந்து போகிற பாதையில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஓலை வேய்ந்த ஒரு கூடம், ஒரு கிணறு, நிழலுக்கு ஒரு புங்கமரம். மலைக்குப் போகிறவர்களுக்கு மத்தியானம் ஒரு வேளை சோறு போடுவார்கள். சோறு மடத்திலேயே வேகும். குழம்பு மட்டும் சுற்றுப்பட்டு ஊர்களில் இருந்து வரும். இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று முறை உண்டு. முறை வீட்டுக்காரியே குழம்பைத் தலையில் சுமந்து வந்து இறக்குவாள். இறக்கிவிட்டு, தன் குழம்பை நாலு பேர் சாப்பிடுவதைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள்.

மடத்தை நடத்தியவள் சடைச்சியம்மை. வயது அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. தலை பாதிகூட நரைக்கவில்லை. ஆனால் வயிறு கெட்டுப்போன உடம்பு. நடந்தால் மூச்சு வாங்கும். பேசினால் பாதியில் நிறுத்திவிடுவாள். நிறுத்தின இடத்தில்தான் உபதேசம் இருக்கிறது என்று ஆட்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

"இழுத்து மூச்சு விட முடியலைன்னு நிறுத்துதேன். அதைப் போயி ஞானம்ங்கான்" என்று அலுத்துக்கொள்வாள்.

அவளிடம் சீடராக வந்து சேர்ந்தவர் அணஞ்சபெருமாள். அம்மையைவிட மூத்தவர். நல்ல புத்திசாலி. வடக்கே ஓர் ஊரில் மணியக்காரராக இருந்தவர். அவர் தெருவில் இறங்கினால் தோள்துண்டெல்லாம் இடுப்புக்கு வந்துவிடும். எவன் வீட்டு முற்றத்திலாவது நல்ல பூசணிக்காய் கிடந்தால் நின்று பார்ப்பார். "நல்லா இருக்கே" என்பார். அவ்வளவுதான் சொல்வார். பொழுது சாய்வதற்குள் பூசணிக்காய் அவர் வீட்டில் இருக்கும்.

அப்படி இருந்த மனிதரின் பெண்சாதி செத்துப்போனாள். ஊரே வந்தது. வந்து, கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றது. ஒருத்தனும் கிட்ட வரவில்லை. அவர் தோளைத் தொட ஒரு கை நீளவில்லை. காரியம் முடிந்த மறுநாள் வீட்டைப் பூட்டிச் சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு நடந்தவர், இந்த மடத்தில் வந்துதான் நின்றார்.

வந்த நாள் முதல் எது தாழ்ந்த வேலையோ அதைத் தேடிப் போய்ச் செய்தார். வருகிறவர்களின் செருப்பைத் துடைத்து வரிசையாக வைப்பார். எச்சில் இலை எடுப்பார். பந்தியில் கடைசி இடம் அவருடையது, இலையை வீசுகிற குழிக்குப் பக்கத்தில், நாய் படுத்திருக்கிற இடத்தில். யாராவது தெரியாமல் அங்கே உட்கார்ந்துவிட்டால் அவருக்குப் பொறுக்காது. நீங்க மேலே போங்க என்று கும்பிடுவார். அவர்களும் பதிலுக்குக் கும்பிடுவார்கள். யார் கீழே உட்காருவது என்று அங்கே பெரிய போராட்டமே நடக்கும். எப்போதும் இவர்தான் ஜெயிப்பார்.

குழம்பு ஊற்றுகிற உச்சிமாகாளி ஒரு நாள் வாளியோடு நின்றுகொண்டு கேட்டான். "அண்ணாச்சி, நீங்க குனிஞ்ச குனியில இலை எங்க இருக்கு, தலை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலை. எதுல ஊத்தட்டும்?"

அணஞ்சபெருமாள் அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

நடந்து போகிறவர்கள் வழியெல்லாம் இவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போனார்கள். மடத்தில் பார்க்க வேண்டிய ஆள் அந்தப் பெரியவர்தான் என்றார்கள். அம்மையைப் பற்றி அப்படி யாரும் சொல்லவில்லை. காரணம் இருந்தது.

கூடத்தின் தலைமாட்டில் ஒரு பலகை கிடக்கும். அம்மைதான் அதில் உட்காருவாள். முதல் இலை அவளுக்கு. வெயிலில் நடந்து வந்தவர்கள், பிள்ளைக்காரிகள், எல்லாரும் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தி மட்டும் சாப்பிடுவாள். நாலு வாய் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுச் சும்மா இருப்பாள். பிள்ளைகள் சிணுங்கும். அவள் பாட்டுக்கு இருப்பாள். அப்புறம்தான் பரிமாறச் சொல்லிக் கையை அசைப்பாள். சில நாள் அதுவும் இல்லை. முகத்தைச் சுளித்து, "எனக்கு இது ஆகலை, கொட்டு" என்பாள். வந்த குழம்பு அப்படியே குழிக்குப் போகும். அன்றைக்கு எல்லாருக்கும் சோறும் உப்பும் மோரும்தான்.

சாமியாரம்மாவுக்கு நாக்கு நீளம் என்று பேசிக்கொண்டார்கள்.

குழம்பு கொண்டுவந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். அணஞ்சபெருமாள் பின்னாலேயே ஓடுவார். அம்மையைத் தப்பாக நினைக்கக்கூடாது தாயே, அவளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்று தரையில் விழுவார். எழுந்து மடத்துக்குத் திரும்புகையில் அவர் நெஞ்சு லேசாக இருக்கும்.

ஆனாலும் அரித்துக்கொண்டே இருந்தது. எதை விட வந்தாரோ அதைத்தான் குருவிடம் தினமும் கண்முன்னே பார்க்கிறார். ஒரு நாள் கேட்டுவிட்டார்.

அம்மை வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"அம்மை, பணிவுன்னா என்ன?"

"இன்னைக்கு விறகு ஈரம், மணியம். போயி ஊதும்."

அவரை எல்லாரும் ஐயா என்றார்கள், அண்ணாச்சி என்றார்கள். அவள் ஒருத்திதான் இன்னும் மணியம் என்று கூப்பிட்டாள். அது அவருக்கு முள்ளாகக் குத்தும். போய் அடுப்பை ஊதினார். கண்ணெல்லாம் புகை. திரும்பி வந்தார்.

"ஊதியாச்சு அம்மை. கேக்கத் தப்பில்லைன்னா கேக்கேன். எல்லாருக்கும் முந்தி முதல் இலையில உக்காருறது…"

"உமக்குப் பசிக்குதா?"

"இல்லை அம்மை."

"எனக்கும் இல்லை" என்றுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்கு அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சித்திரை மாதம் வந்தது. மலைக்கு ஆட்கள் சாரிசாரியாகப் போகிற மாதம். அம்மை படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியாத ஒரு நாளும் வந்தது. அணஞ்சபெருமாளைக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு நீரு பலகையில உக்காரும்."

அவர் தடாலென்று காலில் விழுந்தார். நான் யார் அதில் உட்கார என்றார். அந்த இடத்தை விட்டுவிட்டுத்தானே ஊரைவிட்டே வந்தேன், மறுபடி அதிலேயே கொண்டுபோய் ஏற்றாதீங்க என்று அழுதார். நெற்றி தரையில் இருந்து எழவில்லை.

"எந்திரியும், மணியம்."

எழுந்திருக்கவில்லை.

"எனக்கு எந்திரிக்க முடியலை. நீரு எந்திரிக்க மாட்டேங்கீரு." அவளுக்கு மூச்சு முட்டியது. "யாராவது ஒரு ஆளு முதல்ல…"

பாதியில் நின்றுவிட்டது. கண் சொருகிவிட்டது.

மற்றவர்களைப் போலத்தான் அவரும் அந்தப் பாதிப் பேச்சைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். யோசித்தார். பலகையும் காலியாகக் கிடக்கக்கூடாது, அதில் தானும் உட்காரக்கூடாது. அவர் புத்திசாலி இல்லையா, வழி கண்டுபிடித்துவிட்டார். அம்மை காலில் போடுகிற மரக்குறட்டைக் கழுவித் துடைத்துப் பலகையின் மேல் வைத்தார். நந்தியாவட்டைப் பூ பறித்து வந்து சார்த்தினார். குறட்டுக்கு முன்னால் முதல் இலையைப் போட்டுச் சோறும் குழம்பும் வைக்கச் சொன்னார். தான் போய் நாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

பார்த்தவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு சீடனா என்றார்கள்.

அன்றைக்கு முறை உலகம்மாள் வீடு. மற்றவர்கள் மண்சட்டியில் கொண்டுவருவார்கள். உலகம்மாள் பித்தளைப் பானையில் கொண்டுவந்திருந்தாள். கல்யாணத்துக்கு ஆத்தா வீட்டில் கொடுத்த பானை. வீட்டில் அதைப் புழங்கமாட்டார்கள். பரணில் கிடந்ததை மடத்துக்கென்று இறக்கி, வெளிப்பக்கம் பொன் மாதிரி மின்னத் தேய்த்து, புளி தாராளமாக விட்டு முதல் நாளே குழம்பு வைத்து, அதிலேயே ஊறவிட்டுக் கொண்டுவந்தாள். ஊறினால் ருசி என்று நினைத்தாள். உள்ளே பூசியிருந்த ஈயம் என்றைக்கோ போய்விட்டது அவளுக்குத் தெரியாது. பூசாத பித்தளையில் புளி கிடந்தால் களிம்பு ஏறும். களிம்பு வயிற்றுக்குப் போனால் குடலைப் புரட்டும்.

குறட்டுக்கு அடுத்த இலையில் ஒரு பிள்ளைக்காரி உட்கார்ந்திருந்தாள். மகளுக்கு நேர்ச்சை செலுத்த இடுப்பில் சுமந்துகொண்டே மலைக்குப் போகிறவள். தன் இலையில் இருந்ததையும் மகளுக்கே பிசைந்து ஊட்டினாள். அந்தக் குட்டியும் பசியில் ஆவென்று வாங்கிக்கொண்டது.

குழம்பு வாளி தலைமாட்டில் தொடங்கி வரிசை முழுதும் வந்து, கடைசியில்தான் அணஞ்சபெருமாள் இலைக்கு வந்தது. ஒரு வாய் வைத்தார். நாக்கு சுண்டி இழுத்தது. பித்தளைப் பாத்திரம் நிறைய இருந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். அந்த வாடை அவருக்குத் தெரியும். தலையைத் தூக்கிப் பார்த்தார். முதல் இலைப் பக்கத்தில் அந்தக் குட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது.

கத்த வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தணிந்து பேசிப் பேசித் தொண்டை அப்படியே பழகிப்போயிருந்தது. "ஐயா, தயவு செய்து… தாயே, சாப்பிட…" என்று கையைக் கூப்பிக்கொண்டே வரிசை நெடுக ஓடினார். பெரியவருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து, சாப்பிட்டபடியே அவரைக் கும்பிட்டார்கள்.

உச்சிமாகாளிதான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியைக் கவிழ்த்தான். இலைகளைப் பிடுங்கினான். அதற்குள் பாதிப் பேர் பாதி சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

அந்த மத்தியானத்தை விரித்துச் சொல்ல வேண்டாம். கூடம் முழுக்க ஓங்கரிக்கிற சத்தம். அம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்து வந்தாள். குட்டியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். பாலைச் சங்கில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விட்டாள். குட்டி அதையும் கக்கியது. மறுபடி விட்டாள். பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். குட்டி மட்டும் துணி மாதிரி கிடந்தது.

உலகம்மாள் போகவில்லை. குட்டிக்கு விசிறிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தால அம்மை இப்படி ஆச்சு?" என்று பெற்றவள் கேட்டாள்.

அணஞ்சபெருமாள் வாயைத் திறக்கப் போனார். அம்மை அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் வாய் மூடிக்கொண்டது.

"வெயிலுதான் தாயி" என்றாள் அம்மை. "தண்ணியும் சேரலை. அந்த வயித்துல சோறு விழக்கூடாதுன்னுதான் இலையைப் பிடுங்கினது."

அணஞ்சபெருமாள் ஒரு ஓரத்தில் நின்றார். அந்தக் குட்டி பிழைக்காவிட்டால் தானும் இருக்கப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு நின்றார். பொழுது இறங்கியது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குட்டி கண்ணைத் திறந்தது. சுற்றிலும் பார்த்தது. குறட்டின் மேல் இருந்த பூவைக் காட்டி, அது வேண்டும் என்றது.

அம்மை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம்தான் சுவரில் சாய்ந்தாள்.

மறுநாள் காலையில் எல்லாரும் மலைக்குக் கிளம்பிப் போனார்கள். குட்டி தாயின் தோளில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது. கூடத்தைக் கழுவிவிட்டு அணஞ்சபெருமாள் அம்மையின் எதிரே வந்து உட்கார்ந்தார். காலில் விழவில்லை. விழுகிறதற்கும் கூச்சமாக இருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மை."

"சொன்னேனே. பலகையில உக்காரும்னு சொன்னேன்."

"அதை மரியாதைன்னு நினைச்சேன்."

"எல்லாரும் அப்படி நினைக்கத்தான் பலகை." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் சோதிச்சுப் பாக்கேன்னு தெரிஞ்சா எந்த வீட்டுக்காரி நாளைக்குக் கொண்டுவருவா? தன் கையைச் சந்தேகப்படுத இடத்துக்கு யாரு வருவா?"

 அவர் அந்தப் பானையைப் பற்றிக் கேட்டார். உலகம்மாளிடம் சொல்லிவிடலாமே, இல்லாவிட்டால் அடுத்த முறைக்கும் அதையே இறக்குவாளே என்றார்.

"பிள்ளைக்கு ஆனது தன் பானையாலன்னு தெரிஞ்சா அவ அதுக்கு மேல அடுப்பு மூட்டுவாளா? ஈயம் பூசுதவன் தை பிறந்தாத்தான் இந்தப் பக்கம் வருவான்." அம்மை கண்ணை மூடிக்கொண்டாள். "பாவம், வீட்டுல இருக்கதுலயே ஒசத்தியானதை இறக்கியிருக்கா. நீரு என் குறட்டை வச்ச மாதிரி."

நாய் வந்து அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

"ஊரு உங்களை நாக்கு நீளம்னு பேசிச்சு. நானும் நினைச்சேன். பின்னாலயே ஓடி உங்களுக்காக மன்னிப்பு வேற கேட்டேன்."

"தெரியும்."

"வருத்தமா இல்லையா அம்மை?"

"வயிறு வலிச்சுது. மத்ததை நினைக்க நேரமில்லை."

அவர் தலையைக் கவிழ்த்தார். இந்த முறை அது யாருக்கும் காட்டுகிறதற்காக இல்லை.

"நான் பலகையில உக்காந்தா, பழைய மணியம் முழிச்சுக்கிட்டான்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"அதை விடத்தானே அம்மை நான் இங்க வந்தேன்."

"விட்டதை எங்க வச்சீரு?"

அவருக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தார்.

"போயி எடுத்துட்டு வாரும்" என்றாள் அம்மை. "வேலை கிடக்கு."

அதற்கப்புறம் அவள் அதிகம் பேசவில்லை. கூடத்துக்கும் அதிகம் வரவில்லை. உள்ளேயே படுத்திருந்தாள்.

அன்று முதல் அணஞ்சபெருமாள் பலகையில் உட்கார்ந்தார். எல்லாருக்கும் முந்திச் சாப்பிட்டார். நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, வயிறு என்ன சொல்கிறது என்று கேட்டபடி சும்மா இருந்தார். பசித்தவர்களின் கண்ணெல்லாம் அவர் மேல் இருக்கும். முதல் நாள் சோறு தொண்டையில் இறங்கவில்லை. பழகப் பழகவும் இறங்கவில்லை. இரண்டு தடவை குழம்பைக் கொட்டச் சொன்னார். பின்னால் ஓடி மன்னிப்புக் கேட்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு பலகையிலேயே உட்கார்ந்திருந்தார். சித்திரையில் அவரைக் கும்பிட்டவர்கள் மலையில் இருந்து திரும்பி வரும்போது பார்த்துவிட்டு, நாலு நாள் வேஷம் போட்டானே பாவி என்று சொல்லிக்கொண்டு போனார்கள். உச்சிமாகாளிகூட ஒரு மாதிரிப் பார்த்தான். அண்ணாச்சி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

உலகம்மாளின் முறை மறுபடி வருவதற்கு நாள் இருந்தது. அந்த நாளெல்லாம் அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். தணிவாக, நயமாகச் சொல்கிற வழி எத்தனை உண்டோ அத்தனையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். எப்படிச் சொன்னாலும் கடைசியில் அது அவளிடம், அன்றைக்கு உன் பானைதான் என்று சொல்வதாகவே வந்து முடிந்தது.

அந்த நாளும் வந்தது. பாதையில் தூரத்திலேயே பானை மின்னியது.

உலகம்மாள் அதை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அந்தக் குட்டி எப்படி இருக்காம், திரும்பி வரும்போது பார்த்தீங்களா என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்று உச்சிமாகாளி சொன்னான். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் இலையில் சோறு விழுந்தது. குழம்பு விழுந்தது. கூடம் முழுக்கக் காத்திருந்தது. உள்ளே அம்மை இருமுகிற சத்தம் கேட்டு நின்றது.

அணஞ்சபெருமாள் ஒரு வாய் எடுத்து வைத்தார். நாக்கு சுண்டியது. அவர் முகம் மாறவில்லை. விழுங்கினார். தண்ணீர் குடித்தார். மடத்துக்கு வந்த நாளில் இருந்து கூனியே கிடந்த முதுகை மெதுவாக நிமிர்த்தினார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு இது பிடிக்கலை" என்றார். அந்தக் குரல் கடைசி இலை வரைக்கும் போயிற்று. "கொட்டு."

உச்சிமாகாளி வாளியைத் தூக்கினான். உலகம்மாள் தூணை விட்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"போன தடவை நல்லாத்தானே ஐயா இருந்துச்சு" என்றாள்.

யாரோ ஒருவர், மணியக்காரன் புத்தி எங்கே போகும் என்று வாய்க்குள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அவருக்கும் கேட்டது.

அவர் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலியாகி நின்ற பித்தளைப் பானையையே பார்த்தார். ஊரில் பூசணிக்காயைப் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"பானை நல்லா இருக்கே" என்றார். "வச்சிட்டுப் போ."